ஆச்சியின் நாலணா

ஹாஸ்டல்வாசிகளே, ஸ்டடி லீவுக்கு வீட்டுக்குப் போனா முதல் ரெண்டு நாள் நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியும். தூங்குவீங்க. கொண்டுபோன புத்தகம் பையை விட்டு வெளிய வராது. அதனால அந்த ரெண்டு நாளை விட்டுடலாம்.

மூணாவது நாள்தான் வீடு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். எங்க ஊர் கோவில்பட்டி. உடனே "கடலை மிட்டாய்!"னு கத்துவீங்க, சரி. 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சதும் ஊரே பெருமைப்பட்டுச்சு. ஆனா நான் ஹாஸ்டல்ல ஏங்குறது அதுக்கில்ல, உளுந்தஞ்சோறுக்கு. தோல் உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய் எல்லாம் அரிசியோட ஒண்ணா வெந்து வரும். தொட்டுக்க எள்ளுத் துவையல். "இடுப்புக்குப் பலம்ட்டி, தின்னு"ன்னு ஆச்சி மூணாவது தடவை வைக்கும்போது வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. சாப்பிட்டதும் சிமெண்ட் தரையில அப்படியே படுத்துக்கலாம். மெஸ்ல இது நடக்குமா, சொல்லுங்க.

வியாழக்கிழமை மாதாந்திர பராமரிப்புன்னு காலை 9 மணிக்கே கரண்ட்டைப் பிடுங்கிட்டாங்க. போன்ல சார்ஜ் 11 சதவீதம். வேற வழியில்லாம எல்லாரும் திண்ணைக்கு வந்தோம். அம்மா வெங்காயம் உரிச்சாங்க. ஆச்சி எதிர் வீட்டுக் கதையைச் சத்தமா சொல்ல, அம்மா "மெதுவா, மெதுவா"ன்னு கையைக் காட்டிக்கிட்டே சிரிச்சாங்க. அப்பா தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதுறவர். அன்னிக்கு லீவு போட்டிருந்தார். அவர் அவ்வளவு சுலபமா லீவு போடுற ஆள் இல்ல. அப்பவே எனக்கு ஏதோ பொறி தட்டுச்சு.

"பாப்பா, மாடி ரூமை வாடகைக்கு விடலாமான்னு ஒரு யோசனை"ன்னார்.

மாடி ரூம்னா என் ரூம். பிளஸ் டூவுக்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படிச்ச ரூம். அவர் கணக்கு எனக்கும் புரியாம இல்ல. உங்கள்ல பாதிப் பேர் கல்விக்கடன்லதான் படிக்கிறீங்க. 7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேட்க மாட்டாங்க, படிப்பு முடிஞ்சு 1 வருஷம் தவணை கிடையாது, எல்லாம் சரிதான். வட்டி மட்டும் முதல் நாள்லருந்து ஓடிக்கிட்டே இருக்கும். என் கையில இருக்கிற ஆஃபர் லெட்டர்ல சேரும் தேதிங்கிற இடம் இன்னும் காலியா இருக்கு. அதனால 'என் ரூம்'னு நான் வாயைத் திறக்கல.

"ஆனா வாரவங்க அந்த விரிசலைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிருவாங்க. நீதான சிவில், என்னன்னு பாரேன்."

நாலு வருஷத்துல என்னை யாரும் இஞ்சினியரா நினைச்சுக் கேட்ட முதல் கேள்வி அது. வயித்துல ஒரு மாதிரி ஆயிடுச்சு.

விரிசல் புதுசில்ல. ஹால் ஜன்னல் மூலையில கிளம்பி, படியேறுற மாதிரி சாய்வா மாடி ரூம் வரைக்கும் போகும். எங்க ஊர் கரிசல் பூமி. ஸாயில் மெக்கானிக்ஸ் படிச்சவங்களுக்கு மாண்ட்மோரில்லோனைட்னு சொன்னாப் போதும். மத்த டிபார்ட்மெண்ட் நண்பர்களுக்கு: இந்த மண்ணுல இருக்கிற களி, தண்ணி பட்டா உப்பும், காஞ்சா சுருங்கும். கோடையில தரையில கால் விரல் நுழையிற அளவுக்கு வெடிப்பு விடும். அது மேல நிக்கிற வீடும் கூடவே ஏறி இறங்கும்.

நான் டேப்பைத் தேடிக்கிட்டு இருக்கும்போது ஆச்சி சுருக்குப்பையிலருந்து ஒரு நாலணாவை எடுத்து நீட்டுச்சு. 2011-லயே செல்லாமப் போன காசு. "சித்திரையில இது உள்ள போகும். மழை விழுந்துட்டா போகாது. வருசா வருசம் வச்சுப் பார்க்கேன்." வச்சுப் பார்த்தேன். கார்த்திகை மழை பெஞ்ச ஈரம், போகல. நாங்க லேப்ல கிராக் கேஜ்னு படிச்சதை ஆச்சி சுருக்குப்பையில வச்சிருக்கு!

மழையில மூடுது, வெயில்ல திறக்குதுன்னா என்ன அர்த்தம்? கோடையில வீட்டைச் சுத்தி மண் காஞ்சு இறங்கும்போது ஏதோ ஒரு மூலை மட்டும் இறங்காம நிக்குது. எந்த மூலைன்னு பார்க்க வெளிய போனேன். துணி துவைக்கிற கல். அந்தத் தண்ணி முழுக்கப் பாயுறது சுவரை ஒட்டி நிக்கிற ஆச்சியோட வாழைக்கு. 365 நாளும் ஈரம். அங்க மட்டும் மண் உப்பியே இருக்கு, மத்த பக்கம் இறங்குது, நடுவுல சுவர் கிழியுது.

கண்டுபிடிச்ச சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். அந்த வாழையோட இலையிலதான் வீட்டுல தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சாப்பாடு. தாத்தா வச்சது. இதை ஆச்சிகிட்ட எப்படிச் சொல்றது? புராஜெக்ட் கைட் சாருக்குப் போன் போட்டேன், ஒருவேளை வேற காரணம் சொல்வாரோன்னு. முதல்ல தண்ணியைத் திருப்பு, வீட்டைச் சுத்தி சிமெண்ட் தளம் போடச் சொல்லு, ஒரு கோடை முழுக்கக் கவனிச்சுட்டு அப்புறம் விரிசலை அடைன்னார். இப்பவே சிமெண்ட் வச்சு அடைச்சா அடுத்த சித்திரையில பக்கத்துலயே பிளக்குமாம்.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். அப்பா தட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தார். ஆச்சிதான் பேசுச்சு. "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு அலையுத? வாழை ஒரு தடவைதான் குலை தள்ளும், அப்புறம் வெட்டத்தான செய்வோம். இப்ப நிக்கது ஒண்ணும் உங்க தாத்தா வச்சதில்ல, அதோட பேரனுக்குப் பேரன். தார் இறங்கட்டும். கன்னைப் பேத்துக் கிணத்தடியில வை."

சனிக்கிழமை நானும் அப்பாவும் கடப்பாரையோட இறங்கினோம். மழை ஈரத்துல கரிசல் மண் செருப்பை விடவே விடாது, ஆளுக்கு ரெண்டு கிலோ எடை கூடிட்டோம். மூணு கன்னு கிணத்தடிக்குப் போச்சு. துவைக்கிற தண்ணிக்குத் தனியா வாய்க்கால் வெட்டினோம். கண்ணாடிக் கடையில ஒரு சின்னத் துண்டு வெட்டி வாங்கி, விரிசலுக்குக் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வச்சு ஒட்டி, தேதி எழுதினேன். சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும். ஆச்சிக்கு இதுல பெரிய நம்பிக்கை இல்ல, காசே போதும்னுச்சு. ஞாயிறு மாடி ரூம் அலமாரியைக் காலி பண்ணினேன். ரெண்டு அட்டைப்பெட்டிதான் வந்துச்சு.

மூணு வாரம் ஆச்சு. தினமும் காலையில அப்பா வாட்ஸ்அப்ல சுவர் போட்டோ அனுப்புறார், குட் மார்னிங்குக்குப் பதிலா. கண்ணாடி இன்னும் உடையல. டு-லெட் போர்டை எழுதி வச்சிருக்காராம், இன்னும் மாட்டல.