கோட்டுக்கு வெளியே

நான்கு ஆண்டுகள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பதினைந்து பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தேன். கல்லூரி அணியில் முன்கள வீரனாக ஆடியவன் நான். பந்து எங்கே வந்து விழும் என்பது அந்த நாளில் எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒருநாள் பையன் ஒருவன், “எப்படி சார் அங்க போய் கரெக்டா நிக்கிறீங்க?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. “நீயும் நில்லு, தானா வரும்” என்றேன். அவன் நின்றான். வரவில்லை. அவனுடைய ஏமாந்த முகம் மனதில் நிற்க வீடு திரும்பிய இரவில்தான், பல வருடங்களாக நான் கொண்டாடிவந்த நெதர்லாந்து முன்கள வீரர் மார்கோ வான் பாஸ்டனின் வாழ்க்கையை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

அவருடைய அந்த ஒரு கோலைப் பார்க்காத கால்பந்து ரசிகர் இருக்க முடியாது. 1988 ஜூன் 25, மியூனிக் ஒலிம்பிக் மைதானம், யூரோ கோப்பை இறுதிப் போட்டி. சோவியத் யூனியனுக்கு எதிராக நெதர்லாந்து ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறது. 54-வது நிமிடம். இடது பக்கத்திலிருந்து 37 வயது ஆர்னால்ட் முஹ்ரன் பந்தை உயரத் தூக்கிப் போடுகிறார். அது எல்லார் தலைக்கும் மேலே போய், பெனால்டி கட்டத்தின் வலது ஓரத்தில் இறங்குகிறது. அங்கிருந்து கோல் கம்பங்களுக்கு இடையே தெரிவது ஒரு கீற்று அளவு இடம்தான். எந்த வீரரும் பந்தை நெஞ்சில் வாங்கி நிறுத்தி, ஆள் தேடுவார். வான் பாஸ்டன் பந்தைத் தரையில் விழவே விடவில்லை. காற்றிலேயே வலது காலால் அடித்தார். உலகின் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவரான ரினாட் தசாயெவின் தலைக்கு மேலே பறந்து, எதிர்மூலையில் போய் விழுந்தது பந்து. நெதர்லாந்துப் பயிற்சியாளர் ரினுஸ் மிகெல்ஸ் நம்ப முடியாமல் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

களைப்பாக இருந்தது, பந்தை நிறுத்தி இத்தனை பின்கள வீரர்களோடு மல்லுக்கட்டுவதைவிட அடித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது என்று வான் பாஸ்டன் பிற்பாடு சொன்னார். அவ்வளவுதான் விளக்கம். இதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன கற்றுக்கொடுக்க முடியும்?

உட்ரெக்ட் நகரத்தில் 1964-ல் பிறந்தவர். 17 வயதில் அயாக்ஸ் அணிக்காக முதன்முதலாகக் களமிறங்கியபோது, அவருக்கு வழிவிட்டு வெளியே போனவர் நெதர்லாந்துக் கால்பந்தின் பெரும் நட்சத்திரம் யோகான் கிரைஃப். அன்றே ஒரு கோலும் அடித்தார். 1985-86 பருவத்தில் 26 லீக் ஆட்டங்களில் 37 கோல். அடுத்த டிசம்பரில் ஓர் ஆட்டத்தில் கணுக்கால் அடிபட்டது. சரியாகக் குணமாகாமலே தொடர்ந்து ஆடினார். 1987-ல் ஏசி மிலானுக்குப் போன முதல் பருவத்தில் அறுவை சிகிச்சையால் 11 லீக் ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. 1988 யூரோவின் முதல் ஆட்டத்தைக்கூட மாற்று வீரராகத்தான் தொடங்கினார். அடுத்த ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக், அரையிறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராகக் கடைசி நேரத்து வெற்றிக் கோல், பிறகு அந்த இறுதிப் போட்டி. சக நெதர்லாந்து வீரர்கள் குல்லிட், ரைகார்டுடன் சேர்ந்து மிலானுக்கு இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள். ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது அவருக்கு மூன்று முறை.

1993 மே 26 அன்று மார்செய் அணியிடம் மிலான் 0-1 எனத் தோற்றது. ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி. அதுவும் மியூனிக் ஒலிம்பிக் மைதானம்தான். ஐந்து வருடங்களுக்கு முன் அந்தக் கோலை அடித்த அதே புல்தரையில் அவர் தம் கடைசி ஆட்டத்தை ஆடினார். அப்போது வயது 28. அதுதான் கடைசி என்று அவருக்கும் தெரியாது. இரண்டு வருடம் மருத்துவர் மாற்றி மருத்துவர் பார்த்தும் கணுக்கால் ஒத்துழைக்கவில்லை. 1995 ஆகஸ்டில் சான் சிரோ மைதானத்தில், சீருடை இல்லாமல் சாதாரண மேல்சட்டையோடு கைதட்டியபடி சுற்றிவந்து விடைபெற்றார். பயிற்சியாளர் ஃபாபியோ கபெல்லோ அழுதுவிட்டார். வலி தாளாமல் இரவில் கழிவறைக்குத் தவழ்ந்து போன நாட்களைப் பற்றி வான் பாஸ்டன் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியைப் பற்றி அறிந்தபின், அவர் கோலடிக்கும் எந்தக் காட்சியைப் பார்த்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகிறது.

1998 உலகக்கோப்பைக்கு முன் பின்னாலிருந்து காலை வாரும் டேக்கிளுக்குச் சிவப்பு அட்டை என்று கண்டிப்பு வந்தது. அவரைப் போன்ற முன்கள வீரர்களின் கால்களுக்காக, பத்து வருடம் முன்னால் வந்திருக்க வேண்டிய கண்டிப்பு என்பது என் எண்ணம்.

2004-ல், பெரிய அணி எதையும் வழிநடத்தாத வான் பாஸ்டனை நெதர்லாந்து தேசிய அணிக்குப் பயிற்சியாளராக்கினார்கள். 2006 உலகக்கோப்பையில் போர்ச்சுகலிடம் தோற்று வெளியேறினார்கள். நான்கு சிவப்பு அட்டை, பதினாறு மஞ்சள் அட்டை காட்டப்பட்ட ஆட்டம் அது. கோல் தேவைப்பட்ட அன்று தேர்ந்த முன்கள வீரரான ரூட் வான் நிஸ்டல்ராயை அவர் கடைசிவரை களமிறக்கவில்லை. தாம் ஆடிய இடத்தில் ஆடும் ஒருவரை அவர் அவ்வளவு கடுமையாக அளந்தது எனக்கு இன்றும் வருத்தம். ஆனால் 2008 யூரோவில் இத்தாலியை 3-0, பிரான்சை 4-1, ருமேனியாவை 2-0 என வென்ற அணியும் அவருடையதுதான். முந்தைய உலகக்கோப்பையின் இறுதியில் ஆடிய இரண்டு நாடுகளை அடுத்தடுத்து அப்படி வீழ்த்தினார்கள். காலிறுதியில் ரஷ்யா வென்றது. ரஷ்யாவின் பயிற்சியாளர் குஸ் ஹிடிங்க், அவரும் நெதர்லாந்துக்காரர்.

அடுத்து அயாக்ஸ், ஒரே பருவம். பிறகு ஹீரன்வேன். 2014-ல் அல்க்மார் நகரத்து ஏஸெட் அணி. பருவம் தொடங்கிய சில வாரங்களிலேயே நெஞ்சு படபடப்பால் விடுப்பு எடுத்தார். தோல்வியும் முடிவெடுக்கும் சுமையும் தம் உடம்பைத் தின்கின்றன என்று கண்டு, தலைமைப் பொறுப்பை விட்டு அதே அணியில் உதவிப் பயிற்சியாளரானார். மூன்று பாலோன் தோர் வாங்கியவர், எல்லாரும் பார்க்க ஒரு படி இறங்கி நின்றார். ஆடும்போது வந்த பதற்றத்தைக் கால் தீர்த்துவைத்தது. கோட்டுக்கு வெளியே நிற்பவருக்கு அந்த வடிகால் இல்லை. அதன்பின் அவர் எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஆகவில்லை. தேசிய அணியில் உதவியாளராகவும், ஃபிஃபாவில் தொழில்நுட்பப் பொறுப்பிலும் சில காலம் இருந்தார்.

அவரது பயிற்சியாளர் வாழ்க்கையைத் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தமக்கு எது முடியாது என்பதை அந்த உயரத்திலிருந்து ஒத்துக்கொள்ள, தசாயெவ் தலைக்கு மேல் அடித்த துணிச்சலைவிடக் கூடுதல் துணிச்சல் வேண்டும்.

என் கல்லூரி அணியில் பின்கள வீரராக இருந்த நண்பர் ஒருவர் அருகில்தான் குடியிருக்கிறார். எதையும் யோசித்து யோசித்து ஆடியவர். பையன்கள் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. விசிலை அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான் அவருக்கு உதவியாளன். பந்துகளுக்குக் காற்றடிப்பதும், அந்தப் பையனுக்கு இடது ஓரத்திலிருந்து கிராஸ் போடுவதும் என் வேலை.