அளந்து வாழும் மலைநாடு

மலை என்றதும் நம் நினைவுக்கு வருவன உதகையும் கொடைக்கானலுமே. பசுமை போர்த்திய சரிவுகள், மேகம் தவழும் சோலைகள், எங்கு திரும்பினும் நீரோசை. மலையும் மழையும் இணைபிரியாதவை என்றே பழகிவிட்ட கண்கள் நம்முடையவை. அக்கண்களோடு இமயப் பெருந்தொடருக்கு அப்பாலுள்ள லடாக்கில் அடியெடுத்து வைப்போர் முதலில் திகைத்தே போவர். அங்கே மலை உண்டு, மழை இல்லை. லே நகரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான்.

குருமடத்தில் உடன் பயின்ற நண்பர்கள் மூவர், ஒரு ஜூன் மாதத்தில் அங்குச் சென்று வந்தோம். புறப்படும்போது பங்கு மக்கள் சிலர், "அந்தப் பொட்டல் மலையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, சாமி?" என்று வினவினர். அவர்களுக்குரிய விடையாகவே இதனை எழுதுகிறோம்.

ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையில் இரு நாள் பயணம். சோனமார்க் வரை தேவதாரு மரங்களும் புல்வெளிகளும் உடன் வந்தன. 3,528 மீட்டர் உயரமுள்ள சோஜிலாக் கணவாயைக் கடந்ததும், யாரோ திரையை மாற்றிவிட்டாற்போல் காட்சி மாறிற்று. பருவக்காற்று சுமந்து வரும் மேகங்களை இமயத்தொடர் தடுத்துவிடுவதால் அப்புறம் எல்லாம் வறண்ட நிலம். கார்கிலில் இரவைக் கழித்து மறுநாள் 4,108 மீட்டர் உயரத்து ஃபோட்டுலாவில் ஏறி நின்றபோது, மஞ்சளும் செம்மையும் ஊதாவுமாக மடிப்பு மடிப்பாய் விரிந்து கிடந்த மலைகளைக் கண்டு மூவரும் பேச்சிழந்து நின்றோம். புல்லொன்றும் முளைக்காத அம்மலைகளிடையே, திடீரென ஒரு பச்சைத் துண்டு தென்படும். அதுவே ஓர் ஊர். பார்லி வயல்கள், நெட்டிலிங்கம்போல் நெடிதுயர்ந்த பாப்லர் மரங்கள், ஆப்ரிகாட் தோப்புகள். கோடு கிழித்தாற்போல் ஓரிடத்தில் அப்பசுமை நின்றுவிடும். அக்கோடுதான் ஊர் வாய்க்கால். அதற்குக் கீழே வாழ்வு. மேலே வெறும் பாறை.

இதே சோஜிலாவை 1715ஆம் ஆண்டில் கடந்து சென்றவர் இப்போலித்தோ தெசிதேரி என்னும் இத்தாலிய இயேசு சபைக் குரு. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் லே நகரை அடைந்து, ஏறத்தாழ இரு திங்கள் தங்கிய பின், 1716 மார்ச்சில் லாசா சேர்ந்தார். அங்கே திபெத்திய மொழியைக் கற்று, பௌத்தத் துறவியர் மடத்தில் மாணவராக அமர்ந்து அவர்களுடைய நூல்களைப் பயின்றார். பின்னர் அம்மொழியிலேயே நூல்கள் எழுதினார். அவரே பிற்காலத்தில் புதுச்சேரிக்கு வந்து தமிழும் கற்கலானார் என்பதும், ஓரியூரில் மறைசாட்சியாய் மரித்த அருளானந்தருக்கு அருளாளர் பட்டம் கிடைக்கச் செய்யும் பணியை ஏற்று 1727இல் உரோமைக்குக் கப்பலேறினார் என்பதும் நம்மில் பலர் அறியாதவை. செல்லுமிடத்தில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய பாடம், எங்களுக்கும் அந்நாட்டில் வேறொரு வழியில் கிடைத்தது.

லே நகர் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. புதிதாய் வருவோர் முதல் இரண்டு நாள் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. சாலை வழியே மெல்ல ஏறி வந்தோமே என்ற துணிவில், வந்த மாலையே ஒன்பது நிலைகள் கொண்ட பழைய அரண்மனைக்கு ஏறிச் சென்றோம். அன்றிரவு தலைவலியிலும் மூச்சுத் திணறலிலும் ஒருவரும் உறங்கவில்லை. மலை எங்களுக்குச் சொன்ன முதற்பாடம்: மெதுவாக வா.

இரண்டாம் பாடத்தைப் புகட்டியவர் ஒரு மூதாட்டி. லேயிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள சிற்றூரில் ஓர் உழவர் வீட்டில் தங்கியிருந்தோம். அங்கே பாட்டியை 'அபி' என்பர். மரியாதை சேர்த்து 'அபிலே' என்றழைப்பர். 'ஜூலே' என்று வணங்கி வரவேற்ற அபிலே, அடுப்பைச் சுற்றிப் பித்தளைப் பாத்திரங்கள் பளபளக்கும் சமையலறையில் எங்களை அமர்த்தி, உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரை வழங்கினார். குவளை குறையக் குறைய நிரப்பிக்கொண்டே இருந்தார்.

மறுநாட்காலை, வழக்கம்போல் நீராட எண்ணி முற்றத்துக் குழாயடியில் வாளியை வைத்துவிட்டுப் பேச்சில் ஆழ்ந்துவிட்டோம். வாளி நிரம்பி வழிந்தது. அபிலே உள்ளிருந்து விரைந்து வந்து குழாயை மூடினார். ஒரு சொல்லும் கடிந்து சொல்லவில்லை. தரையில் தேங்கிய நீரைக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு, அருகிருந்த முள்ளங்கிப் பாத்தியில் ஊற்றினார். எழுபதைக் கடந்த அம்மூதாட்டி குனிந்து நிமிர்ந்து செய்த அவ்வேலையைப் பார்த்து நின்ற எங்களுக்கு, உச்சி முதல் உள்ளங்கால்வரை கூசிற்று. நாங்களும் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்தோம். அவர் சிரித்துவிட்டார்.

அன்று மாலை அவருடைய பேரன் எங்களை வாய்க்கால் வழியே அழைத்துச் சென்று, தனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினான். மலைமேல் உறைந்த பனியே அவர்களுக்கு ஏரியும் ஆறும். வசந்தத்தில் விதைப்புக்கு நீர் வேண்டும். பனிப்பாறைகளோ கோடை முதிர்ந்த பின்தான் நன்கு உருகும். இடைப்பட்ட நாள்களில் கிடைக்கும் சிறிதளவு நீரை, 'ஜிங்' எனும் சிறு குளங்களில் தேக்கி, வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பாய்ச்சுகின்றனர். இம்முறையைக் கண்காணிக்க ஊரார் அமர்த்துபவருக்குச் 'சுர்பொன்' என்று பெயர். நம் ஏரிப் பாசன ஊர்களில் மடை திறந்து வயலுக்கு வயல் நீர் பகிர்ந்தளிக்கும் நீர்க்கட்டியை அறிந்தோர்க்கு இது விளங்கும். முறை வந்த வேளை எதுவாயினும் மண்வெட்டியோடு செல்வர். வேறொருவரின் முறையில் கை வைப்பது அங்கே பெரும் பிழை.

அம்மக்கள் நீரைக் காக்கும் அறிவில் பின்தங்கியோர் அல்லர். சேவாங் நோர்பெல் என்னும் பொறியாளர், குளிர்காலத்தில் வீணாய் ஓடும் நீரை நிழற்சரிவுகளில் தடுத்து உறையவைக்கும் செயற்கைப் பனிப்பாறைகளை 1987 முதல் அமைத்து, 2015இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சோனம் வாங்சுக், மேட்டு நீரைக் குழாய் வழியே இறக்கி, அதன் அழுத்தத்தாலேயே கடுங்குளிரில் பீறிடச் செய்து, கூம்பு வடிவில் உறையவைக்கும் முறையை 2013-14 குளிர்காலத்தில் செய்து காட்டினார். வெயில் படும் பரப்பு குறைவாதலால் அப்பனிக்கூம்பு மெல்ல உருகி, விதைப்புக் காலத்தில் நீர் தருகிறது.

ஆயினும் கவலை உண்டு. பனிப்பாறைகள் சுருங்கி வருகின்றன. 1974இல்தான் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்ட அந்நாட்டில், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி வாழ்ந்தோர் ஏறத்தாழ 2.74 இலட்சம் பேர். அண்மை ஆண்டுகளில் சுற்றுலாவாக வருவோர் தொகை அதனையும் மிஞ்சியிருக்கிறது. அவர்களுக்காக எழும் விடுதிகள் ஆழ்குழாய்க் கிணறுகளால் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. நீரே வேண்டாது, மண்ணும் சாம்பலும் தூவி எருவாக்கும் பழைய கழிவறையை அவ்வீட்டில் கண்டோம். அதனைக் கண்டு முகம் சுளிக்கும் விருந்தினருக்காகவே, ஊற்று நீர் கழிவறைத் தொட்டிகளுக்குப் போகிறது.

திரும்புமுன் திக்சே மடத்தின் காலை வழிபாட்டில் பின்வரிசையில் அமைதியாய் அமர்ந்திருந்தோம். எங்கள் சமயத்தை எவரும் கேட்கவில்லை. இளந்துறவி ஒருவர் எங்கள் குவளைகளிலும் தேநீர் ஊற்றிச் சென்றார். வெளியே வந்து பார்த்தால், கீழே சிந்து ஆறும் அதன் கரைப் பசுமையும், எதிரே வெண்முடி தரித்த மலைகளும் காலைக் கதிரில் ஒளிர்ந்தன. அக்காட்சி இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை.

அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்ட அன்பர்களே, குறைந்ததைப் பகிர்ந்து நிறைவாக வாழும் மக்கள் இருக்கின்றனர். வாய்ப்புள்ளோர் சென்று வாருங்கள். முதல் இரு நாள் ஓய்ந்திருங்கள். அவ்வீட்டார் உண்பதை உண்டு, அவர்கள் அளக்கும் அளவில் நீர் கொள்ளுங்கள். போக இயலாதோர் வருந்த வேண்டா. நம் வீட்டுக் குழாயடியில் வாளி நிரம்பி வழியும்போது எழுந்து சென்று மூடினால் போதும். அபிலே கற்பித்த பாடம் அவ்வளவுதான்.