சாயம் தோய்ந்த சில்லைகள்

குருவி என்னுஞ் சொல் தமிழிலே மிகப் பரந்ததொரு சொல். கூரையிடுக்கில் வாழும் அடைக்கலான் குருவியும் குருவி; பனையோலையில் ஊசலாடுங் கூட்டினைப் பின்னும் தூக்கணாங் குருவியும் குருவி; கதிர் முற்றிய வயலிற் கூட்டங் கூட்டமாய் இறங்கும் சில்லையும் குருவியே. ஆயினும் நம் முன்னோர் வேறுபாடு அறியாதவரல்லர். மனையில் உறையுங் குரீஇயும் தூக்கணங் குரீஇயும் குறுந்தொகையில் வெவ்வேறாகவே வருகின்றன. மேனாட்டிலோ லின்னேயஸ் 1758 இல் வீட்டுக் குருவியை ஃபிஞ்ச் என்னும் பறவையோடு ஓரினத்தில் வைத்தார். தடித்த அலகு கண்டு, நம் புள்ளிச் சில்லையை ஐரோப்பாவின் குறுக்கலகுப் பறவையோடு சேர்த்தார். இக்காலப் பறவை நூலார் வீட்டுக் குருவி, தூக்கணாங் குருவி, சில்லை, ஃபிஞ்ச் ஆகிய நான்கினையும் நான்கு குடும்பங்களாகப் பிரித்துவிட்டனர். உண்மை ஃபிஞ்சு வகையில் ரோஜா நிறக் குருவியொன்று குளிர்காலத்தில் வடக்கினின்று நம் நாட்டிற்கு விருந்தாக வருவதுண்டு.

இவ் வேறுபாடுகள் நூலகத்து மேசையோடு நிற்பனவல்ல என்பது சென்ற ஆண்டு எனக்குப் புலனாயிற்று. என் தங்கை திருவிழாச் சந்தையிலிருந்து சிறு கூண்டொன்றில் இரண்டு பறவைகளை வாங்கி வந்தாள். ஒன்று குங்குமச் சிவப்பு, மற்றொன்று கிளிப்பச்சை. சிவந்தது சேவலென்றும், பசியது பேடென்றும், இரண்டும் இணையென்றும் விற்றவன் கூறினானாம்.

சிவப்புச் சில்லை என ஒன்று உண்டு. மத்திய இந்தியாவிற் பச்சைச் சில்லையும் உண்டு. ஆனால் அவ்விரண்டிற்கும் அலகு சிவந்திருக்கும். எங்கள் சிவப்புப் பறவையின் அலகோ கருமை. பச்சைப் பறவையின் அலகு ஈயம் போன்ற வெளிறிய சாம்பல் நிறம். சாயக்காரன் இறகிற் காட்டிய கைவண்ணத்தை அலகிற் காட்டவில்லை. பசிய பறவையின் கூரிய வாலும் கரியதாகவே இருந்தது. கருமைமேற் பச்சை ஏறுமா? ஈய நிற அலகு, கரிய கூர்வால் என்னும் இவ்விரண்டும் வெண்தொண்டைச் சில்லைக்கே உரியன. அதன் இயற்கை நிறம் மணல் போன்ற மங்கலாதலின் சாயம் நன்கு பிடித்துக்கொண்டது போலும். இதனைப் பேடெனல் வேடிக்கை. இவ்வகையிற் சேவலும் பேடும் உருவில் வேறுபடுவதில்லை.

சிவந்ததன் செய்தி அத்துணை எளிதன்று. வளர்ந்த புள்ளிச் சில்லையாயின் வெண்மார்பிற் செதில் போன்ற கோடுகள் சாயத்தினூடும் தெரிந்திருக்கும். இதற்கு அவை இல்லை; ஆகவே இளம் பறவை. இளமையிற் புள்ளிச் சில்லையும் கருந்தலைச் சில்லையும் வெறும் பழுப்பாகவே இருக்கும். பொறுத்திருந்து பார்ப்பதன்றி வேறு வழியில்லை.

பெயர் எதுவாயினும் ஆகுக என்று விட முடியாதபடி இல்லத்தில் ஒரு வழக்கு எழுந்திருந்தது. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். விட்டுவிட வேண்டும் என்றேன் யான். கூண்டிற் பழகியது வெளியிற் பிழையாது, வைத்துக் காப்பதே இரக்கம் என்றார் தந்தையார். தங்கை அழுதாள். வனத்துறையாரைக் கேட்டபொழுது, கத்தரித்த சிறகு முளைக்கும்வரை வைத்திருந்து, அவ்வவ்வினம் வாழுமிடத்திலேயே விடுமாறு கூறினர். வெண்தொண்டைச் சில்லைக்கு வறண்ட முட்புதர்க் காடு வேண்டும். கருந்தலைச் சில்லைக்கு நீர் தேங்கிய வயலும் நாணலும் வேண்டும். புள்ளிச் சில்லை வயலோரத்திலும் தோட்டத்திலும் புல்விதை தின்று வாழும். ஆகவே பெயர் தெரிந்தாலன்றி இடந்தெரியாது.

தினையும் நீரும் வைத்து மூன்று திங்கள் காத்தோம். இறகுதிர்ந்து புதிது முளைக்க, தங்கை பறவைக்கு நோயென்று அஞ்சினாள். நாள்தோறும் கூண்டின் தரையில் சிவந்த இறகொன்றும் பசிய இறகொன்றும் கிடக்கும். அவற்றை அவள் தன் வேதாகமத்தினிடையே சேர்த்து வைத்தாள். ஒரு காலை சிவந்ததன் விலாவில் வெண்மையும் பழுப்புமாய் மூன்று செதில்கள் தோன்றின. தந்தையாரே கண்ணாடியணிந்து குனிந்து பார்த்து, "புள்ளி வந்துவிட்டது" என்றார். அதற்குப் பின் அவர் வழக்காடவில்லை.

சிறகு நிரம்பி, அறைக்குள் சுவருக்குச் சுவர் பறக்கத் தொடங்கியதும் இரண்டையும் பிரித்தோம். வெண்தொண்டைச் சில்லையை ஊருக்கு மேற்கேயுள்ள உடைமரக் காட்டில் விட்டோம். தூக்கணாங் குருவிகள் கைவிட்ட கூடுகளில் இச்சில்லைகள் புகுந்து தங்குவது வழக்கம். அத்தகைய கூடுகள் அங்கே பல தொங்கின. புள்ளிச் சில்லையைக் குளத்தின் கீழ்வயலில் அதன் இனத்தார் மேய்ந்துகொண்டிருந்த வேளையில் விட்டோம். வரப்பின்மேற் சற்றே அமர்ந்திருந்துவிட்டுக் கூட்டத்தோடு எழுந்து சென்றது. அதன் தொண்டையோரத்தில் உதிராத சிவப்பிறகு ஒன்று எஞ்சியிருந்தமையால், பின்னும் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கை அதனைக் கூட்டத்துள் அடையாளங் கண்டு வந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.