காசமென்று எண்ணினோம்

வடமாலபேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில், இரண்டு மாத காலம், ஒரு தம்ளர் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அது என் தம்பியினுடையது. அதை அவ்வாறு ஒதுக்கி வைத்தவன் நானே. அந்தப் பிழையைச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

2019-ஆம் ஆண்டில் எங்கள் அன்னையார் தம் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தம்பிக்குத் தந்தார். நம் நாட்டில் இச்சிகிச்சை நிலைத்த வெற்றி கண்டது 1971-இல், எங்களூருக்கு அதிகத் தொலைவில்லாத வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில்தான். தாய் தந்த உறுப்பாயினும் உடல் அதனை அயலாரென்றே கருதித் தாக்கும். அத்தாக்குதலை அடக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளை நாள் தவறாது உண்ண வேண்டும். அவை உடலின் காவலையே தளர்த்துவன. காவல் தளர்ந்த வீட்டில் சிறு திருடனும் புகுவான் அன்றோ?

2022-இல் தம்பியின் காலில் சிவந்த கட்டிகள் தோன்றின. காய்ச்சல் இல்லை; வலியும் பெரிதில்லை; ஆயினும் ஆறவில்லை. அருகிலிருந்த மருத்துவரிடம் காட்டினோம். சீழுக்குச் சாயமேற்றி நோக்கியபோது செந்நிறக் கோல்கள் போன்ற கிருமிகள் தென்பட்டன. காசமென்று மருந்து தொடங்கினார். காசம் மலிந்த நம் நாட்டில் அவ்வாறு எண்ணுவது இயல்பே.

அன்று முதல் தம்ளர் தனி, தட்டு தனி. என் பிள்ளைகள் சித்தப்பாவின் அருகே செல்லவும் தடை. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அன்னையார் மட்டும், "அவன் உடம்பில் இருப்பது என் உடம்புதானப்பா, என் தம்ளரையும் சேர்த்துக் கவிழ்த்து வை" என்றார்.

சில வாரங்களில் குருதியில் கிரியாட்டினின் அளவு உயர்ந்தது. மாற்றுச் சிகிச்சை செய்தவர்களிடம் ஓடினோம். காசமருந்தாகிய ரிபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி, டாக்ரோலிமஸை விரைவில் சிதைத்துவிடுமாம். அதனால் அன்னை தந்த சிறுநீரகத்தையே உடல் தாக்கத் தொடங்கியிருந்தது. உடனே மருந்தை மாற்றி, சீழை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினர். காசக்கிருமி வளரப் பல வாரங்கள் செல்லும். இதுவோ ஒரு வாரத்திற்குள் வளர்ந்தது. காசக்கிருமியின் உறவினமாகிய மைக்கோபாக்டீரியம் கெலோனே என்று தெரிந்தது.

இவ்வினத்துக் கிருமிகள் பல மண்ணிலும் நீரிலும் வாழ்வன. குழாய்களின் உட்புறப் பாசியில் ஒட்டிக்கொள்வன. குளோரினுக்கும் எளிதில் மடியாதன. நலமுடையோரைப் பெரும்பாலும் வருத்துவதில்லை. நம் அண்டையில், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில், 1968-இல் பி.சி.ஜி. ஊசி ஆய்வு தொடங்கியது. அவ்வூசி நுரையீரல் காசத்தினின்று காக்கவில்லை என 1979-இல் முடிவு வெளிவந்தது. இம்மண்ணின் கிருமிகளோடு மக்கள் முன்பே பழகியிருந்தமை ஒரு காரணமாகலாம் என அறிஞர் கருதினர். அத்துணை நெருங்கிய அயலாரே தம்பிக்குப் பகையாயினர்!

கெலோனே மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதன்று. காசமே ஆயினும், அது இருமலால் காற்றில் பரவுவதன்றித் தம்ளரால் பரவுவதில்லை. நான் செய்த ஒதுக்கம் இருவகையாலும் வீண்.

புகைவண்டிப் பார்சல் அலுவலகத்தில் ஒரே சாக்கில் கட்டிய இரு மூட்டைகள் வருவதுண்டு. சீட்டைப் படியாது ஏற்றினால் சென்னைக்குரியது குண்டக்கல்லுக்குப் போய்விடும். நாள்தோறும் சீட்டைப் படிக்கும் நான், தம்பி செய்தியில் நிறத்தை மட்டுமே நம்பினேன்.

கிளாரித்ரோமைசின் முதலிய மருந்துகளை ஆறு திங்களுக்கு மேல் உண்டான். அம்மருந்து டாக்ரோலிமஸின் அளவை உயர்த்துவதாகையால், மாத்திரையைக் குறைத்துக் குருதியை அடிக்கடி அளந்தனர். கட்டிகள் ஆறின. கிரியாட்டினின் பழைய அளவுக்கு இறங்கவில்லை. ஆயினும் சிறுநீரகம் பிழைத்தது.

பிழைப்பிற்காக ஊர் பெயர்ந்து வாழும் நம்மவர் ஓரூரில் சிகிச்சை பெற்று, வேறூரில் குடியிருந்து, மூன்றாமூரில் நோயுறுகிறோம். ஆதலின் உறுப்பு மாற்றம் பெற்றோர் தம் மருந்துப் பட்டியலை எப்போதும் உடன் வைத்திருத்தல் வேண்டும். எந்த மருத்துவரிடமும் முதற்சொல்லாக அதனைக் கூறுதல் வேண்டும். ஆறாத புண்ணாயின் வளர்ப்புச் சோதனையைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். புதிய மருந்தை உண்ணுமுன், மாற்றுச் சிகிச்சை செய்தவரை ஒருமுறை வினவுதல் வேண்டும்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பிள்ளைகளுக்காகத்தானே அண்ணா அஞ்சினீர்கள்" என்றான். அச்சொல் தம்ளரைவிட என்னை அதிகம் சுட்டது.