பொருளாளர் எழுந்து நிற்கிறார்

ஒரு சங்கத்தின் ஆண்டு விருந்து. பொருளாளரால் வர முடியவில்லை. அவருக்குப் பதிலாக அறிக்கை வாசிக்கும்படி துணைப் பொருளாளரைக் கூப்பிடுகிறார்கள். மனுஷர் எழுந்து தொண்டையைச் செருமுகிறார். எடுத்த எடுப்பில் ஒரு ஜோக் சொன்னால் கூட்டம் வசப்படும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு ஐரிஷ்காரர்கள் தெருவில் நடந்து போகிறார்கள் என்று ஆரம்பிக்கிறார். நடுவில் ஒரு கிளி வருகிறது. அது யாருடைய கிளி என்பதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைக்கிறது. கதையைப் பின்னுக்கு இழுத்துக் கிளியை உரிய இடத்தில் உட்கார வைக்கப் பார்க்கிறார். ஜோக் கை நழுவிப் போகிறது. சரி என்று கணக்குக்குத் தாவினால் அது அதைவிட மோசம். படகுக் கொட்டகையில் யாரோ விட்டுப்போன கோட்டுகளையும் தொப்பிகளையும் விற்ற காசு ஒரு வரவு. நிதி திரட்டுவதற்காக நடத்திய நாடகமோ 300 டாலர் நஷ்டத்தில் முடிந்ததாம்.

'தி ட்ரெஷரர்ஸ் ரிப்போர்ட்' என்ற இந்தக் குறும்படம் 1928இல் வந்தது. தயாரித்தது ஃபாக்ஸ் நிறுவனம். துணைப் பொருளாளராக வருபவர் ராபர்ட் பெஞ்ச்லி. தொழில்முறை நடிகர் இல்லை. நியூயார்க்கில் நாடக விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவர். 1922இல் ஆல்கான்க்வின் ஓட்டலில் கூடி அரட்டையடித்த எழுத்தாளர் கூட்டம், விமர்சகர்களும் மேடையேறிப் பார்க்கட்டும் என்று ஒரே ஒரு ராத்திரிக்கு ஒரு வேடிக்கை நிகழ்ச்சி போட்டது. அதில் பெஞ்ச்லியின் பங்குதான் இந்த அறிக்கை. அதைக் கேட்ட இசையமைப்பாளர் இர்விங் பெர்லின், தன் மியூசிக் பாக்ஸ் அரங்கில் தினமும் வந்து இதையே பேச முடியுமா என்று கேட்டார். தட்டிக்கழிக்கும் நோக்கில் வாரத்துக்கு 500 டாலர் என்றாராம் பெஞ்ச்லி. சரி என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் வருஷக்கணக்கில் அந்தத் துணைப் பொருளாளர் அவரை விடவில்லை.

படத்தில் யாரும் வழுக்கி விழுவதில்லை. அதற்கு முன்பிருந்த சிரிப்புப் படங்களில் சாப்ளினும் கீட்டனும் உடம்பால் தடுமாறினார்கள். 1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்து சினிமா வாய் திறந்த மறுவருஷமே, பெஞ்ச்லி நாக்கால் தடுமாறிக் காட்டினார். 'வந்து', 'அதாவது', 'என்ன சொல்ல வந்தேன்னா' வகையறாக்களை ஊமைப்படத்தால் காட்டவே முடியாது. பாட்டையும் வசனத்தையும் கேட்கத்தான் ஜனங்கள் பேசும் படத்துக்குப் போனார்கள். அங்கே, நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் தங்களுக்கு வரும் அதே திணறல் திரையிலிருந்து கேட்டது.

எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டுக் கூட்டத்திலும் அந்தத் திணறலைக் கேட்டிருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் சின்ன ஊர். பொருளாளர், மளிகைக் கடை அண்ணாச்சி. கடையில் அவர் கணக்குப் போடுவதைப் பார்க்க வேண்டும். சாமான் ஒன்றொன்றாகக் கட்டிக் கொடுத்துக்கொண்டே மனசுக்குள் கூட்டி, கடைசிப் பொட்டலம் கைக்கு வரும்போது தொகையையும் சொல்லிவிடுவார். அதே மனுஷர் ஒலிபெருக்கி முன்னால் வந்தால் நாலும் மூணும் ஏழு என்பதற்கே வியர்த்துவிடும். நீள நோட்டைப் பிரித்து, "போன வருஷ கையிருப்பு" என்று தொடங்குவார். பக்கம் புரளும்போது கையிருப்பு போய்ச் செலவில் சேர்ந்துகொள்ளும். பந்தல் வகை, டீ வகை, பத்திரிகைச் சந்தா எல்லாம் வாசித்து முடித்துக் கடைசியில், "இதர செலவுகள்" என்று குரலைத் தணிப்பார்.

பின்வரிசையிலிருந்து யாராவது எழுந்திருப்பது நிச்சயம். "அண்ணாச்சி, அந்த இதர செலவு என்னன்னு கொஞ்சம் சொல்லுங்க."

"அது வந்து... இதர செலவுதான் தம்பி."

கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அண்ணாச்சியும் சிரிப்பார். அப்புறம் நோட்டைத் திருப்பி, பூட்டு வாங்கியது, பாம்பு பிடிக்க வந்தவனுக்குக் கொடுத்தது, மழையில் நனைந்த புத்தகங்களைத் தைக்கக் கொடுத்தது என்று ஒன்றொன்றாகச் சொல்லுவார். அந்தத் திணறலைப் பார்த்து அவரை யாரும் மட்டமாக நினைத்ததில்லை. கேள்வி கேட்டவனே அடுத்த நாள் அவர் கடையில் கடனுக்குச் சாமான் வாங்குவான். பேச வராதவர்களும் ஏறிப் பேசிய மேடை அது. தலைவர்கள் மேடையில் அடுக்குமொழி முழங்கிய தமிழ்நாட்டில், ஒவ்வொரு ஊரிலும் கூட்டுறவு சங்கத்திலும் கோயில் கமிட்டியிலும் இப்படித் திக்கித்திணறிய மேடை ஒன்றும் இருந்தது. எனக்கு ஏக்கமெல்லாம் அந்த இரண்டாவது மேடை மீதுதான்.

அது எப்படிப் போயிற்று என்பதற்கான தடயமும் பெஞ்ச்லியின் அமெரிக்காவிலேயே கிடைக்கிறது. டேல் கார்னகி 1912இலேயே நியூயார்க்கில் மேடைப்பேச்சு வகுப்பு நடத்தத் தொடங்கிவிட்டார். 1924இல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனா நகரில் முதல் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஆரம்பமானது. விருந்துகளில் எழுந்து நின்று திணறியவர்களைத் திருத்துவதே ஒரு தொழிலாக வளர்ந்துகொண்டிருந்தது. 1936இல் கார்னகியின் 'ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளூயன்ஸ் பீப்பிள்' வெளிவந்து விற்றுத் தள்ளியது. அந்த வருஷங்களில் எம்ஜிஎம் ஸ்டூடியோவுக்காகப் பெஞ்ச்லி எடுத்துக்கொண்டிருந்த பத்து நிமிஷப் படங்களின் தலைப்புகளைப் பாருங்கள்: 'ஹவ் டு ஸ்லீப்', 'ஹவ் டு பிஹேவ்', 'ஹவ் டு ஈட்'. முதலாவது 1935இல் வந்து ஆஸ்கர் வாங்கியது. எப்படி ஜெயிப்பது என்று கார்னகி பாடம் நடத்தினார்; தூங்குவதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஒரு மனிதனைப் பெஞ்ச்லி நடித்துக் காட்டினார். 1940இல் தாழ்வுணர்ச்சியையே தலைப்பாக வைத்து 'தட் இன்ஃபீரியர் ஃபீலிங்' என்று இன்னொரு படம் வந்தது.

ஜெயித்தது பாடம் நடத்தியவர்கள்தான். முக்கியப் படத்துக்கு முன்னால் ஒரு சிரிப்புக் குறும்படம் போடும் வழக்கம், தொலைக்காட்சி வந்த பிறகு அமெரிக்கத் தியேட்டர்களிலிருந்து மறைந்தது. டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்போ இன்று சென்னையிலும் நடக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். வாய் திறக்கவே பயந்த பிள்ளைகள் அங்கே போய் வேலைக்கான நேர்காணலில் தேறி வருகிறார்கள். ஆனால் எல்லோரும் தேறிய பிறகு, தேறாதவர்கள் எழுந்து நிற்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

பெஞ்ச்லிக்கும் தன்னைப் பற்றிப் பெரிய எண்ணம் இருக்கவில்லை. இங்கிலாந்தின் ஆன் அரசி காலத்தைப் பற்றிக் கனமான சரித்திரம் ஒன்று எழுத ஆசைப்பட்டுப் புத்தகம் புத்தகமாகச் சேர்த்தார், எழுதி முடிக்கவில்லை. 1945இல் இறந்துபோனார். உருப்படியாக எதையும் செய்யவில்லை என்ற குறை கடைசிவரை அவருக்கு இருந்தது என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறையை உள்ளே வைத்திருந்த ஆள் என்பதால்தான் துணைப் பொருளாளரை அவரால் கேலிப்பொருளாக்காமல் நடிக்க முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. படத்தில் அந்த மனிதர் அறிக்கையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடவில்லை.

இப்போது நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆண்டுக் கணக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக வருகிறது. வரவு, செலவு, வட்ட வரைபடம், தணிக்கையாளர் கையெழுத்து, எல்லாம் கச்சிதம். நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். அதிலும் 'இதர செலவுகள்' என்று ஒரு வரி உண்டு. என்னவென்று இதுவரை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. பொருளாளர் யார் என்று லிஃப்டில் பார்த்தால் அடையாளம் தெரியாது.

அடுத்த பொதுக்குழுவில் கணக்கை வாயால் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு நான் எழுந்து நிற்க வேண்டும். முதலில் ஒரு ஜோக் சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாமா என்று பார்க்கிறேன்.