கரியாஹாட்டில் இருள் தேடிய கதை

கொல்கத்தாவில் குடியேறிய தமிழருக்குக் கரியாஹாட்டை அறிமுகம் செய்து வைப்பது, திருச்சிக்காரருக்கு மலைக்கோட்டையைக் காட்டுவது போன்றதாகும். ஆயினும் வெளியூர் வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள் சொல்கிறேன். ராஷ்பிகாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் நாற்சந்தி அது. மேற்கே நடந்தால் லேக் மார்க்கெட். கறிவேப்பிலையும் வாழையிலையும் காப்பிப் பொடியும் அங்கே கிடைக்கும். கிழக்கே பாலிகஞ்ச் ரயில் நிலையம். தெற்கே கோல்பார்க்கும் அதன் பழைய புத்தகக் கடைகளும். தலைக்கு மேலே மேம்பாலம். அதன் நிழலில் அமர்ந்து, உலகத்தையே மறந்து சதுரங்கம் ஆடும் பெரியவர்கள். நடைபாதை நெடுகச் சேலை, செருப்பு, சீப்பு, வளையல் என்று கடைகள். 1996 நவம்பரில் அரசாங்கம் அக்கடைகளை ஒரே இரவில் அப்புறப்படுத்தியது. அவை மீண்டும் வந்துவிட்டன. பிழைப்பு என்பது பெயர்த்தாலும் முளைக்கும் அறுகம்புல் அல்லவா?

சென்ற மாதம் நான் அங்கே சென்றது சேலை வாங்க அன்று. சாவிக்கொத்தில் தொங்கவிடும் சின்னஞ்சிறு எல்.இ.டி. டார்ச் விளக்கு வாங்க. இத்தனை அற்பமான பொருளுக்கு ஒரு கட்டுரையா என்று எண்ண வேண்டாம். இதன் பின்னே ஒரு வருத்தமான நினைவு இருக்கிறது.

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் வங்கத்தைத் தாக்கியதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கொல்கத்தாவில் காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தென் கொல்கத்தாவின் பல வீதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்கள் பழைய வீட்டிலும் விளக்கில்லை. பம்பு ஓடாததால் தண்ணீரும் இல்லை. இரண்டாம் நாள் இரவு கைப்பேசிகள் யாவும் உயிரிழந்தன. அலமாரியில் டார்ச் விளக்கு இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தேன். எடுத்துப் பார்த்தால் பாட்டரி கசிந்து உள்ளே பச்சையாகப் பூத்திருந்தது. இருந்தது விளக்கன்று, விளக்கு இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டுமே. அந்த இருட்டில், கீழ்த்தளத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சென்ற என் தாயார், மாடிப்படியின் கடைசிப் படியைத் தரை என்று எண்ணிக் காலை வைத்து விழுந்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்தது. கை கூடிவிட்டது, பழைய வலிமை மட்டும் திரும்பவில்லை.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவனல்லன். ஆனால் ரயில்வே எனக்கு ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. வண்டியின் கார்டு (2022 முதல் அவருக்கு ‘டிரெயின் மானேஜர்’ என்று பெயர்) கைவிளக்கு இல்லாமல் வண்டி ஏறமாட்டார். அது எரிகிறதா என்று பாராமலும் ஏறமாட்டார். சோதியாத விளக்கை ரயில்வே விளக்காகக் கருதுவதில்லை. வீட்டில் மட்டும் நாம் ஏன் கருத வேண்டும்?

நடைபாதைக் கடைக்காரர் மூன்று வகைகளை எடுத்து வைத்தார். முதலாவது, நாணயம் போன்ற தட்டை விளக்கு. விரல்களுக்கு இடையே பிடித்து அழுத்தினால் எரியும். விலை இருபது ரூபாய். இரண்டாவது, சுண்டுவிரல் அளவு அலுமினியக் குழாய், உள்ளே மூன்று பொத்தான் பாட்டரிகள், பின்புறம் தள்ளு சுவிட்சு, ஐம்பது ரூபாய். மூன்றாவது, கைப்பேசியைப் போலச் சார்ஜ் செய்து கொள்வது, நூற்றைம்பது ரூபாய்.

“பாருங்கள் தாதா, எப்படிப் பிரகாசிக்கிறது!” என்று என் கண்ணுக்கு நேராக அடித்தார். கண் கூசியது. ஆனால் தரையில் அடித்துப் பார்த்தால் வெளிச்சம் இருந்த சுவடே இல்லை. கரியாஹாட் சந்தியில் மாலை ஏழு மணிக்கு எந்தச் சிறு விளக்கைத்தான் சோதிக்க முடியும்? சேலைக் கடைகளின் வெள்ளொளி, பேருந்துகளின் முன்விளக்கு, விளம்பரப் பலகைகள். மூன்றையும் வாங்கிக்கொண்டு இருளைத் தேடிப் புறப்பட்டேன். கோல்பார்க் பக்கம் போனேன், தெருவிளக்கு. சந்துக்குள் திரும்பினேன், பெட்டிக்கடை விளக்கு. கடைசியில் நான் தேடிய இருள் எங்கள் வீட்டு மாடிப்படியின் அடியிலேயே கிடைத்தது. தாயார் விழுந்த அதே இடம்.

சோதனையின் முறையைச் சொல்கிறேன். எவரும் வீட்டில் செய்யலாம். ஒரு வெள்ளைக் காகிதத்தின் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வடை மடித்து வந்த தாளில் புள்ளி விழுமே, அதைப் போல. புள்ளி விழுந்த இடம் ஒளியை அதிகமாக உள்ளே விடும். ஒரு புறம் மெழுகுவத்தி, மறுபுறம் டார்ச். வெளிச்சம் மிகுந்த பக்கத்திலிருந்து பார்த்தால் புள்ளி கறுப்பாகத் தெரியும். குறைந்த பக்கத்திலிருந்து பார்த்தால் வெளுப்பாகத் தெரியும். இரண்டும் சமமானால் புள்ளி மறைந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புன்சென் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கையாண்ட உபாயம் இது. தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்ற விதியைக் கொண்டு மீதியைக் கணக்கிடலாம்.

மெழுகுவத்தியை 30 சென்டிமீட்டரில் நிறுத்தினேன். தட்டை விளக்கு 90 சென்டிமீட்டரில் சமமாயிற்று: மூன்று மடங்கு தூரம், ஆகவே ஒன்பது மெழுகுவத்தி. குழாய் விளக்கு 105 சென்டிமீட்டரில்: சுமார் பன்னிரண்டு. சார்ஜ் விளக்கு 180 சென்டிமீட்டரில்: முப்பத்தாறு! மெழுகு ஒளி மஞ்சள், டார்ச்சின் ஒளி வெள்ளை. ஆகையால் புள்ளி முற்றிலும் மறையாது, கணக்கும் துல்லியமாகாது. தவிர, இது கதிரின் நடுப்பகுதிக்கு மட்டுமே பொருந்தும். எனினும் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

இவ்வளவு சிறிய பொருளில் இவ்வளவு ஒளி எப்படி வந்தது? பழைய டார்ச்சில் கம்பி சூடேறி ஒளிர்ந்தது. மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாயிற்று. எல்.இ.டி.யில் கம்பி இல்லை. குறைகடத்திப் படிகமே ஒளிர்கிறது. 1962-இல் அமெரிக்காவில் ஹோலோன்யாக் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்தார். நீல ஒளிக்காக மேலும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். நீல ஒளியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு ஒன்றைச் சேர்த்தால் வெள்ளை ஒளி. குறைகடத்திப் படிகத்தைக் கருவியாக்கும் முயற்சியில் நம் ஊருக்கும் பங்குண்டு. இந்நகரின் பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஜகதீச சந்திர போஸ், ஈயத் தாதுப் படிகத்தாலான உணர்கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

அடுத்தது எரியும் நேரம். தட்டை விளக்கை ஒரு கிளிப்பால் அழுத்தி வைத்து, மூன்றையும் ஒன்றாக ஏற்றினேன். ஒரு மணி நேரத்தில் தட்டை விளக்கு நான்கு மெழுகுவத்திக்கும், குழாய் விளக்கு ஆறுக்கும் இறங்கின. சார்ஜ் விளக்கு சற்றும் குறையவில்லை. “இதுதான் ராஜா!” என்றான் என் பையன். மேலும் அரை மணி ஆவதற்குள் ராஜா முன்னறிவிப்பின்றி அணைந்துவிட்டார். மீண்டும் உயிர்ப்பிக்க மின்சாரம் வேண்டும். ஆம்பன் நாட்களில் அதற்கு எங்கே போவது? நான்கு மணி நேரத்தில் தட்டை விளக்கு இரண்டு மெழுகுவத்திக்கும் குழாய் விளக்கு ஒன்றுக்கும் வந்தன. மறுநாள் காலையிலும் தட்டை விளக்கு பூட்டின் துவாரத்தைக் காட்டும் அளவுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. இருபது ரூபாய் விளக்கே வென்றது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி அடிக்கோடும் இட்டேன்.

இவற்றையெல்லாம் கட்டிலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த தாயார், “எங்கே, என்னிடம் கொடு” என்று கை நீட்டினார்கள். வென்ற விளக்கைக் கொடுத்தேன். அழுத்தினார்கள். எரியவில்லை. இன்னும் அழுத்தினார்கள்; ஒரு கணம் மின்னி அணைந்தது. முறிந்து கூடிய அந்தக் கைக்கு அவ்வளவு பலம் இல்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என் அட்டவணையில் தூரம் இருந்தது, நேரம் இருந்தது, விலை இருந்தது. யாருக்காக இவ்வளவும் செய்தேனோ அவருடைய கை அதில் இல்லை.

குழாய் விளக்கின் சுவிட்சைத் தாயார் கட்டைவிரலால் எளிதாகத் தள்ளினார்கள். படியின் உச்சியில் நின்று அடித்தார்கள்; கடைசிப் படியின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. “இது போதுமடா” என்றார்கள். மறுநாள் மீண்டும் கரியாஹாட் சென்று அவ்வகையில் இன்னொன்றும், மாற்றுப் பாட்டரிகளும் வாங்கினேன். “நல்ல விளக்கு அதுதானே, தாதா?” என்று சார்ஜ் விளக்கைக் காட்டினார் கடைக்காரர். “நல்ல விளக்குத்தான்; எங்கள் வீட்டுக்கு ஏற்றது இது” என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பொட்டலம் கட்டினார்.

குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. பொத்தான் பாட்டரியைக் குழந்தை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் உண்டாகலாம். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், தாமதிக்கலாகாது. மூடி தளர்ந்த விளக்கைக் குழந்தைக்கு எட்டும்படி வைக்கலாகாது.

இப்போது குழாய் விளக்குகளில் ஒன்று வாசற்படி ஆணியிலும் மற்றொன்று தாயாரின் தலையணை அருகிலும் தொங்குகின்றன. வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் இந்த இதழ் கைக்கு வந்ததும், பிரிக்குமுன் வீட்டிலுள்ள டார்ச்சை ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். வீட்டின் மூத்தவர் கையாலேயே ஏற்றச் சொல்லிப் பாருங்கள். அரை நிமிஷ வேலை. நான் அதை 2020-இல் செய்யத் தவறினேன்.