திறக்காத சிப்பியும் எக்செல் கணக்கும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஏலம் போயின. கரையில் குவித்து, எண்ணி, ஆயிரக் கணக்கில் விற்றார்கள். உள்ளே முத்து உண்டா என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஆனாலும் விலை குருட்டு விலையன்று. குளிப்புத் தொடங்குமுன் மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பி இவ்வளவு பெறும் என்று கணக்கிட்டனர். ஏல விலை அந்தக் கணக்கின் மேலும் கீழும் ஆடியது. பரதவர்களோடு கீழக்கரை, காயல்பட்டினம் முஸ்லிம்களும் மூச்சடக்கி மூழ்கிய தொழில் அது. 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது.

கயத்தாற்றில் நம் அண்ணன் மகன் தன் எக்செல் தாளைத் திறந்து காட்டியபோது அந்த ஏலம்தான் நினைவுக்கு வந்தது. பொறியியல் படித்தவன், கணக்கில் கெட்டிக்காரன். தாளில் ஐந்து கட்டங்கள்: நிஃப்டி இப்போது நிற்கும் புள்ளி, ஒப்பந்த விலை, மீதமுள்ள நாள்கள், வட்டி விகிதம், ஏற்ற இறக்க அளவு. பிளாக், ஷோல்ஸ் ஆகிய இருவர் 1973-இல் வெளியிட்ட சூத்திரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. வட்டிக் கட்டத்தில் அவன் சுழியம் இட்டிருந்தான். “நமக்கு வட்டி ஆகாதே, சாச்சா” என்றான். நமக்குச் சிரிப்பு வந்தது.

நிஃப்டி 25,000, அதே விலைக்கு வாங்கும் உரிமை, ஏழு நாள் தவணை, ஆண்டு ஏற்ற இறக்கம் 12% என்று இட்டால் விலை 166 ரூபாய் என்கிறது தாள். 18% என்றால் 249. மற்ற நான்கும் கையில் இருப்பவை. ஐந்தாவதோ வரப்போகும் நாள்களைப் பற்றியது. ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். சந்தையில் அந்த உரிமை 200 ரூபாய்க்குப் போகிறதென்றால், எந்த ஏற்ற இறக்கம் இந்த விலையைத் தரும் என்று ‘கோல் சீக்’ தேடி, 14.5% என்று சொல்கிறது. இம்ப்ளைடு வொலட்டிலிட்டி என்பது இதுதான். சென்ற மாதம் சந்தை ஆடியது 12% தானே, 14.5-க்குரிய விலையில் வாங்கும் உரிமை, விற்கும் உரிமை இரண்டையும் விற்றால் லாபம் என்பது பிள்ளையின் வாதம். மாதிரிச் சிப்பியைக் கழுவிப் பார்த்தவரின் வாதமும் இதுவே.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த நாளில், நிஃப்டி ஏறத்தாழ 6% சரிந்தது. அதைத் தாளில் இடச் சொன்னோம். இரண்டு உரிமைக்கும் வாங்கிய தொகை 400. சரிவோ 1,500 புள்ளி. ஓர் அலகுக்கே 1,100 ரூபாய் நட்டம். ஒப்பந்தம் ஒன்றில் அத்தகைய அலகுகள் பல பத்து இருக்கும்.

“சூதாடுபவன் கணக்குப் போடுவதில்லை, நான் போடுகிறேனே, பிறகு எப்படிச் சூது?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. தெரியாத ஒன்றை அளந்துவிட்டால் அது தெரிந்த ஒன்றாகிவிடாது. சிப்பி வாங்கியவருக்கு ஓடாவது மிஞ்சியது. இங்கே கைமாறுவது அந்தத் தெரியாமை மட்டுமே. கரர் எனப்படும் நிச்சயமற்ற வணிகத்தை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. முத்துக்குளிப்பவர் மூழ்கி எடுக்கப்போவதை முன்கூட்டியே விற்பதைத் தடுக்கும் அறிவிப்பொன்று இப்னு மாஜாவில் உண்டு. அதன் தொடரில் பலவீனம் இருப்பினும், நம் கடற்கரைக்காரர்களுக்கு அதன் பொருள் சட்டென விளங்கும். ஜித்தாவின் ஃபிக்ஹ் அகாடமி 1992-இல் ஆப்ஷன் ஒப்பந்தம் கூடாதென்றே தீர்மானித்தது. ஹாஷிம் கமாலி போன்று இடம் உண்டென வாதிட்ட அறிஞரும் இருக்கின்றனர். அதையும் அவனிடம் மறைக்கவில்லை.

செபியின் 2024 ஆய்வைக் காட்டினோம். மூன்று ஆண்டுகளில் இவ்வணிகத்தில் இறங்கிய 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93% பேர் நட்டமடைந்தனர். ஆளுக்குச் சராசரி சுமார் 2 லட்சம் ரூபாய். அவர்களிலும் எக்செல் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

அவன் கேட்டிருந்தது நான்கு லட்சம். வாப்பா வளைகுடாவில் உழைத்து அனுப்பி, தங்கையின் நிகாஹுக்காக உம்மா வைத்திருக்கும் பணம். அன்றிரவு அவனே உம்மாவிடம் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தாளை அழிக்கவில்லை, அழிக்கும்படி நாமும் சொல்லவில்லை. நிகாஹ் இன்ஷா அல்லாஹ் ஷவ்வாலில்.